நல்ல பேருக்கு ஒரு மூட்டை அரிசி

1

போன வாரம் சிரம்பானில் குடியுரிமை கொடுக்கும் ஆபீஸில் வைத்து நானும் அஞ்சலையும் என் மகள் ராணியின் மானத்தை வாங்கிவிட்டோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முசிறிப் பக்கத்து உறவுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், கமலத்துக்குப் புத்தி பேதலிக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

கல்யாணமாகி மலாயாவுக்கு வந்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் கையில் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. இருந்துகொள், ஆனால் நீ இந்த ஊர்க்காரி இல்லை என்று அதற்கு அர்த்தம். நீலக் கார்டு வேண்டுமென்றால் பாரம் நிரப்ப வேண்டும், மலாயில் நாலு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும், நம்மைப் போருக்கு முன்பிருந்தே தெரிந்த ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் வைத்தியலிங்கத்துக்கு நீலக் கார்டு எப்போதோ வந்துவிட்டது. நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

சாட்சிக்கு அஞ்சலை வந்தாள். லாபுவில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அவள் பால்மரம் வெட்டியவள். என் வீட்டுக்காரர் அங்கே கிராணி. அதாவது ஆபீஸில் கணக்கு எழுதுவார், விடிகாலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்.

ராணி பள்ளிக்கூட டீச்சர். அவள் மலாய் பேசினால் மலாய்க்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். தமிழ் பேசினால் நான் திரும்பிப் பார்ப்பேன். எனக்கு வீட்டிலேயே பாடம் நடத்தியிருந்தாள். "மம்மி, பேர் கேட்டா பேர் மட்டும் சொல்லுங்க லா. கதை சொல்லாதீங்க. ப்ளீஸ்." நானும் தலையாட்டியிருந்தேன்.

அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருந்தார், நல்ல மாதிரி. பேர் கேட்டார், சொன்னேன். வீடு எங்கே என்றார், தெமியாங் என்றேன். பாசாரில் என்ன வாங்குவீர்கள் என்றார், மீனில் ஆரம்பித்து முருங்கைக்காய் வரை ஒப்பித்தேன். ராணியின் முகத்தில் பெருமை. அப்போது அவர் பாரத்தைப் புரட்டிக்கொண்டே, "சமான் ஜெப்பூன், சுவாமி கெர்ஜா அப்பா?" என்றார். ஜப்பான்காரன் காலத்தில் கணவர் என்ன வேலை பார்த்தார் என்று அர்த்தம். மலாயில் கணவனுக்குச் சுவாமி என்றுதான் பேர். நம் ஆம்பிளைகளுக்கு இந்த ஊர் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

"சக்காப்" என்றேன். பேசினார் என்று.

"சக்காப் அப்பா?" என்ன பேசினார்?

"சக்காப் சாஜா. டாப்பாட் பெராஸ்." சும்மா பேசினார், அரிசி கிடைத்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் அஞ்சலை 'க்ளுக்' என்றாள். அவ்வளவுதான். எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரெண்டு கிழவிகளும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறோம். வரிசையில் நின்ற சீனக் கிழவர் ஒருவர் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார். ராணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

காரில் வரும்போது, "அதுல என்ன ஜோக்? அப்பா ரேடியோவுல வேலை பார்த்தாரா?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து இவரிடம், எழுதப் போகிறேன் என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "எழுதறதுன்னா முழுசா எழுது. எனக்காக மழுப்பாதே" என்றார்.

2

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, அது மாதிரி. பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் அப்பாவிடம், "எனக்குக் குறட்டை உண்டு. முன்பல் ஒண்ணு ஆடுது. மலாயாவுல மழை ஜாஸ்தி, துணி காயாது" என்று மூன்றையும் வரிசையாக ஒப்பித்தார். அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். எனக்கு அந்தப் பல்தான் கவலையாக இருந்தது.

தோட்டத்துத் துரையின் மனைவி ஒரு கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். "அடி கருகியிருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தார். மறு வருடம் எங்களுக்குக் கேக் வரவில்லை. ரப்பர் பாலில் யார் தண்ணீர் கலந்தாலும் சொல்லிவிடுவார். எடையில் கங்காணி கைவைத்தாலும் சொல்லிவிடுவார். ஆகவே எல்லாருக்கும் அவர் மேல் கோபம், எல்லாருக்கும் அவர் மேல் நம்பிக்கை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கோழிச் சண்டையோ கொழுந்தியாள் சண்டையோ, "கிராணி ஐயா சொல்லிட்டாரா? அப்பச் சரி" என்று முடிந்துவிடும்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடிப்போனார், ரப்பரைக் கேட்க நாதியில்லை. ரேஷனில் முதலில் அரிசி போட்டார்கள். பிறகு கல்லோடு அரிசி போட்டார்கள். பிறகு அரிசி நின்றுபோய்க் கல் மட்டும் எங்கள் முறத்தில் மிச்சம் இருந்தது. மரவள்ளிக் கிழங்கை நான் அவித்தேன், துருவினேன், தட்டினேன், ஒரு நாள் கோபத்தில் சுவரில் எறிந்தும் பார்த்தேன். எப்படிச் செய்தாலும் கிழங்கு கிழங்காகவே இருந்தது. ராணிக்கு அப்போது ரெண்டு வயசு. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தொப்பி மாணிக்கம் வந்தான். சிரம்பான்காரன், நம் ஆள்தான். ஜப்பானியப் பாஷை கொஞ்சம் கற்றுக்கொண்டு, அவர்களுக்கும் நமக்கும் நடுவில் நின்று பேசுகிற வேலை. அவர்கள் கொடுத்த தொப்பியைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டான்.

"பெரிய வேலையெல்லாம் இல்ல ஐயா. சும்மா பேசணும், அவ்வளவுதான்" என்றான். "சியாம்ல ரயில் ரோட்டு போடறாங்க. ஆள் வேணும். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு சும்மா, மூணே மாசம், அப்புறம் வீட்டுக்கு. வீட்டுல இருக்கறவங்களுக்கு அரிசி. இத நீங்க தோட்டம் தோட்டமாப் போய்ச் சொல்லணும்."

"நீங்களே சொல்லலாமே?"

"நான் சொன்னா எவன் நம்புவான்?" மாணிக்கம் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "பிடிக்கப் போனா காட்டுக்குள்ள ஓடறானுங்க. நீங்க வாயத் திறந்தா அவனே வந்து லாரியில ஏறுவான். இந்த லாபு, புக்கிட் பெலண்டோக் பக்கமெல்லாம் உங்களுக்கு இருக்கற பேரு யாருக்கு இருக்கு? அதுக்குத்தான் ஐயா சம்பளம்."

மாசம் ஒரு மூட்டை அரிசி. சர்க்கரை, சவுக்காரம், டின் மீன். எனக்கு ஒரு புடவை. அந்தக் காலத்தில் சிரம்பான் கடைவீதியில் பெரிய முதலாளிகளே கோணியில் தைத்த கால்சட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு இந்தச் சம்பளத்தைப் படியுங்கள்.

"நீங்க சொல்றதெல்லாம் நெசமா?" என்று இவர் கேட்டார்.

"என்கிட்ட அப்படித்தான் சொன்னாங்க."

இவர் ராணியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அதற்குள் மூட்டையை எலி எட்டாமல் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சரி என்றுவிட்டார்.

3

முதல் பேச்சு எங்கள் தோட்டத்துப் பிரட்டுக் களத்தில். பிரட்டு என்பது விடியும் முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அதற்கான மைதானம் அது. தினமும் பேர் கூப்பிட்ட அதே இடத்தில் இவர் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். நான் ராணியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன்.

"சியாமில் வேலை இருக்கிறது என்று சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி என்று சொல்கிறார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்கிறார்கள்."

கூட்டத்தில் ஒருவன் எழுந்து, "நீங்க என்ன சொல்றீங்க ஐயா?" என்றான். "நான் ஒண்ணும் சொல்லலை. அவங்க சொல்றதைச் சொல்றேன்" என்றார். கூட்டம் தலையை ஆட்டிவிட்டு அவரவர் கிழங்குத் தோட்டத்துக்குப் போய்விட்டது. லாரி காலியாகத் திரும்பியது.

மாணிக்கம் எங்கள் சமையலறை வரைக்கும் வந்து, தொப்பிக்குள் கைவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஐயா, பேச்சு அருமை. அந்த வாலை மட்டும் வெட்டிடுங்க. நம்ம தலை ரெண்டும் தப்பும்."

அந்த வாலை வெட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. முன்பணமாய் வந்த அரிசி கொதிக்கும், நான் அகப்பையோடு நிற்பேன், இவர் எனக்கு எதிரே நின்று பேசிப் பழகுவார். "ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி என்று..." என்று இழுத்தால் அகப்பையால் அடுப்பு மேடையில் ஒரு தட்டு. "மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என..." மறுபடியும் தட்டு. ராணிக்கு இது பெரிய வேடிக்கை. அவளும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு அப்பா வாயைத் திறந்தாலே தட்டுவாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். வயிறு நிறைந்தால் மனிதருக்கு எவ்வளவு சிரிப்பு வருகிறது என்று எனக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது. சோற்று வாசனையே கள் குடித்த மாதிரி தலைக்கு ஏறும்.

இப்போது இந்தத் தெமியாங் வீட்டில் ராணி சோற்றை ஒதுக்குகிறாள். டயட்டாம். ரொட்டி ஒரு துண்டு, பப்பாளி ஒரு துண்டு. மீந்த சோற்றை நான் தண்ணீர் ஊற்றி வைத்தால், "மம்மி, நாளைக்குப் புதுசா வடிச்சுக்கலாமே, ஏன் இவ்வளவு கஞ்சம்?" என்கிறாள். இவர் மறுநாள் காலையில் அந்தப் பழைய சோற்றைக் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் முறை வால் இல்லாமல் பேசினார். நானே அசந்துபோனேன். அந்த வறட்டுக் குரலில், அலங்காரமே இல்லாமல், "மூன்று மாதம். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி. திரும்பி வந்துவிடலாம்" என்று சொன்னபோது கணக்குப் படிப்பதுபோல இருந்தது. அதனால்தான் நம்பினார்கள். ஒரு லாரி நிறைந்துவிட்டது.

அதில் அஞ்சலையின் புருஷன் கருப்பனும் ஏறினான். தப்பு அடிப்பதில் கெட்டிக்காரன். தோட்டத்தில் கல்யாணம், கருமாதி, மாரியம்மன் திருவிழா எதுவும் அவன் இல்லாமல் நடக்காது. ஏறும்போது என்னைப் பார்த்து, "அம்மா, ஐயா சொல்லிட்டாரு, அப்புறம் என்ன! வரும்போது அஞ்சலைக்குச் சியாம் பட்டு" என்றான். லாரி திரும்பும் வரைக்கும் பக்கப் பலகையில் தாளம் போட்டுக்கொண்டே போனான். அஞ்சலை வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை அவர்களுக்கு.

4

அரிசி வந்தது. சர்க்கரை வந்தது. ராணியின் கன்னத்தில் சதை வந்தது. நான் புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குத் தேவையே இல்லாமல் மூன்று தடவை போய்வந்தேன். இதையெல்லாம் இன்று எழுதும்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய? பசித்த பிள்ளை சாப்பிட்டதை எப்படி வருத்தத்தோடு நினைப்பது?

மூன்று மாதம் போனது. நாலாவதும் போனது. சியாமிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை, ஒரு வரியும் வரவில்லை. அஞ்சலைக்கு வந்துகொண்டிருந்த அரிசியும் முதலில் பாதியாகி, பிறகு நின்றுபோனது. நான் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். "எங்காளு வந்ததும் திருப்பித் தந்துடறேன் கிராணியம்மா" என்பாள்.

ஒரு நாள் இவர் சிரம்பான் ரயில் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டு வந்தார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "ஆடு மாடு ஏத்தற பெட்டி கமலம். அதுல நம்ம ஆளுங்களைப் போட்டு வெளியே கொண்டி மாட்டறாங்க" என்றார். அங்கே வேலை செய்யும் ஒருவர் இவர் காதில் இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கிறார். சியாமுக்குப் போனவர்கள் காய்ச்சலிலும் பேதியிலும் கொத்துக் கொத்தாய்ச் சாகிறார்கள் என்று. மாணிக்கத்திடம் போய்க் கேட்டார். அவன் இரண்டு டின் மீன் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினான்.

அன்றிலிருந்து இவர் சோறு சாப்பிடவில்லை. எனக்கும் ராணிக்கும் சோறு. தனக்கு அவித்த கிழங்கு. எதிரே உட்கார்ந்து கிழங்கை மென்றுகொண்டிருப்பார், நான் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருப்பேன். எனக்கு எரிச்சலாக வரும். "ஒண்ணு வேலைய விடுங்க, இல்ல சோத்தைத் தின்னுங்க. ரெண்டுங்கெட்டானா எதுக்கு இது?" என்று கத்தினேன். "வேலைய விட்டா என்னையும் ஏத்திடுவான். உன்னை யாரு பாத்துக்குவா?" என்றார். பயத்தையும் அவர் பொய் கலக்காமல்தான் சொன்னார்.

5

அடுத்த தடவை இரண்டு லாரி ஆள் வேண்டும் என்று உத்தரவு. கண்ணாடி போட்ட ஜப்பானிய அதிகாரி ஒருவர் தாமே நேரில் வந்துவிட்டார். பிரட்டுக் களத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். இவர் பெட்டி மேல் ஏறினார். வாயைத் திறக்கும் முன் அஞ்சலை எழுந்து நின்றாள்.

"ஐயா, நீங்க பேச வேணாம். சூடம் அணைச்சுச் சொல்லுங்க. எங்காளு உசுரோட இருக்கு, போறவங்க திரும்பி வருவாங்க, இது நெசம்னு சூடம் அணைச்சு மாரியம்மா முன்னால சத்தியம் பண்ணுங்க. அப்புறம் எல்லாரும் ஏறட்டும்."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் விளங்காது. தோட்டத்தில் கோழி திருடியவன்கூடச் சூடம் என்றதும் கோழியைத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

மாணிக்கம் சிரித்தான். "சூடமா? இந்தக் காலத்துல எங்கம்மா இருக்கு சூடம்?" அவன் சொன்னது சரி. கப்பல் நின்றதிலிருந்து சூடம் கண்ணிலேயே படவில்லை. மாரியம்மனுக்கே தேங்காய் எண்ணெயில் திரி போட்டுத்தான் ஆரத்தி. இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நானும் மூச்சை விட்டேன்.

அதிகாரி என்ன பேச்சு என்று கேட்டிருக்கிறார். மாணிக்கம், ஏதோ சாமி காரியம், அதற்குச் சூடம் வேண்டுமாம் என்று சொல்லியிருக்கிறான். அந்த மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது! சூடம்தானே? அவர்கள் ஆண்டுகொண்டிருந்த ஏதோ ஒரு தீவில் அது காடு காடாய் மரத்தில் விளைகிறதாம். நாளைக்கே கொடுத்தனுப்புகிறேன், உங்கள் தெய்வத்துக்கு நன்றாகச் செய்யுங்கள், பிறகு சந்தோஷமாக எல்லாரும் புறப்படுங்கள் என்று கைதட்டி எழுந்துவிட்டார். மாணிக்கம் தலையில் அடித்துக்கொள்ளப் போய், தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணினான்.

சாயங்காலமே மோட்டார் சைக்கிளில் டின் வந்து சேர்ந்தது. திறந்தால் கட்டி கட்டியாய், வெள்ளை வெளேரென்று, ஒவ்வொன்றும் என் கைமுட்டி அளவு. பெண்கள் ஓடிவந்து மோந்து பார்த்தார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். எத்தனையோ மாதமாகக் கோயில் வாசனையே இல்லாமல் இருந்தவர்கள்தானே. எனக்கும் தலை கிறுகிறுத்தது. எந்தக் காரியத்துக்கு வந்த சூடம் என்பது ஒரு நிமிஷம் எங்கள் யாருக்குமே ஞாபகத்தில் இல்லை.

6

மறுநாள் காலையில் இவர் குளித்து, திருநீறு பூசி வந்து உட்கார்ந்தார். நான் கிழங்கை எடுத்து வைத்தேன்.

"சோறு போடு" என்றார்.

போட்டேன். மீன் குழம்பு ஊற்றினேன். சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம்" என்றார். அணைக்கத் தீர்மானித்துவிட்டார், அதனால்தான் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பாதி நிம்மதியாக இருந்தது. மீதிப் பாதி, இந்த மனுஷனா என் அப்பாவிடம் ஆடுகிற பல்லைப் பற்றிச் சொன்னவர் என்று அழுகையாக வந்தது.

களத்தில் மாரியம்மன் படத்தை வைத்து, வேப்பிலை கட்டி, முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. எவ்வளவு சூடம் வைப்பது என்பதில் பூசாரிக்கும் மாணிக்கத்துக்கும் வாக்குவாதம். ஒரு சிட்டிகை போதும் என்கிறார் பூசாரி. அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறாரே, கஞ்சத்தனம் பண்ணினால் அவமரியாதை என்கிறான் மாணிக்கம். கடைசியில் முழுக் கட்டி ஒன்றையே தட்டில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள்.

அப்படி ஒரு ஜோதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. குப்பென்று ஆள் உயரத்துக்கு எழும்பியது. பூசாரியின் புருவம் பொசுங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள், கிழவர் ஒருவருக்குச் சாமி வந்துவிட்டது, ராணி கைதட்டிக் குதிக்கிறாள். ஜப்பானிய அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாகக் குனிந்து நிற்கிறார். பயப்பட வேண்டிய நேரத்தில் எல்லாருக்கும் திருவிழா ஞாபகம் வந்துவிட்டது.

இவர் தட்டுக்கு முன்னால் போய் நின்றார். வலது கையைத் தூக்கினார். களம் அப்படியே அடங்கியது.

"அணைங்க ஐயா" என்றான் மாணிக்கம்.

கை அப்படியே நின்றது. சூடம் எரிந்தது. அவ்வளவு பெரிய கட்டி, லேசில் தீருமா? எரிகிறது, எரிகிறது, எரிந்துகொண்டே இருக்கிறது. கரும்புகை இவர் முகத்தில் அடிக்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. "ஐயா, அணைங்க" என்று மாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அஞ்சலை இவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் இன்றுவரைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜோதி இறங்கியது. முழம் ஆனது, சாண் ஆனது, விரல் அளவு ஆனது. தானாகவே அணைந்தது. தட்டில் ஒரு கருப்புக் கறை. இவர் கையைக் கீழே இறக்கி, வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச வேண்டிய தேவையும் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும், கைக்குழந்தை தவிர, புரிந்துவிட்டது. புரியாதவர் ஒரே ஒருவர்தான். அதிகாரி படபடவென்று கைதட்டினார். மாணிக்கத்திடம் ஏதோ கேட்டார். மாணிக்கத்தின் கழுத்தில் வேர்வை ஓடியது. உள்ளதைச் சொன்னால் இவர் தலையோடு அவன் தலையும் போகும், இவரை இந்த வேலைக்குப் பிடித்துக் கொடுத்ததே அவன்தானே! என்ன சொன்னானோ தெரியாது. அதிகாரி இவர் தோளைத் தட்டி, ஒரு பாக்கெட் சிகரெட்டைக் கையில் திணித்தார். மூட்டை முடிச்சு கட்டிக்கொள்ளுங்கள், விடிந்ததும் லாரி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

7

மூட்டை கட்டத்தான் கட்டினோம்! அப்படி ஒரு சுறுசுறுப்பை எந்தத் துரையும் அந்தத் தோட்டத்தில் பார்த்திருக்க மாட்டார். கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருத்தி ஓடுகிறாள். ஒருவர் வீட்டுக் கதவையே கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார். காட்டுக்குள் கதவு எதற்கு என்று கேட்டால், பழக்கம் என்கிறார். அடுப்பில் பச்சை விறகைப் போட்டுப் புகைய விட்டுவிட்டு, ஆள் இருக்கிற மாதிரி காட்டிவிட்டுப் பின்பக்கமாய் நழுவினார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே குசுகுசு, சிரிப்பு, உஷ் உஷ். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மிச்சமிருந்த அரிசியை ஆளுக்கு ஒரு படி என்று முந்தானையில் கொட்டிக்கொண்டே இருந்தேன். வேலை போயிற்று, சம்பளம் போயிற்று, நாளைக்கு என்ன ஆகுமோ தெரியாது, ஆனால் என் புருஷன் எனக்குத் திரும்பி வந்துவிட்டார். பறக்கிற மாதிரி இருந்தது. மறுநாள் காலி லயத்தைப் பார்த்த ஜப்பான்காரன் இவரைப் பிடித்து அறைந்ததில் அந்த ஆடும் பல் போனதும், நாங்களும் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஓடியதும் பிறகு வந்த சங்கதி.

அந்த அமளியில் அஞ்சலை மட்டும் மூட்டை கட்டவில்லை. எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் சிரித்துக்கொண்டே அரிசிப் படியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என்னைத் தாண்டி உள்ளே இவரைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தனை பேரையும் காப்பாற்றிய இவருடைய கை அவளுக்கு என்ன சொன்னது என்பது அப்போதுதான் எனக்கு எட்டியது.

"எல்லாருக்கும் நல்லது பண்ணிட்டீங்க ஐயா" என்றாள். "என்னை நினைச்சாவது அணைச்சிருக்கலாமே."

இவர் எழுந்து நின்றார்.

"பொட்டை அழிக்கட்டுமா, வச்சிக்கட்டுமா? அத மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்யறேன்."

வெளியே யாரோ அஞ்சலையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நேரமாச்சு என்று. இவர் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வச்சிக்க. கருப்பன் வந்துடுவான்."

"இப்பச் சூடம் இல்ல."

"இல்ல."

அஞ்சலை முந்தானையை விரித்து என்னிடம் நீட்டினாள். "சரி ஐயா. எனக்கு இது போதும்" என்றாள். நான் அரிசியைக் கொட்டினேன். வாங்கிக்கொண்டு போய் மூட்டை கட்டினாள்.

கருப்பன் வரவில்லை. போர் முடிந்து எலும்பும் தோலுமாய்ச் சிலர் வந்தார்கள், அவர்களிடமெல்லாம் இவர் போய்க் கேட்டுப் பார்த்தார். அஞ்சலை இதுவரை யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஆபீஸுக்குச் சாட்சி சொல்ல வந்த அன்றும் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் வந்தாள். அரிசி வாங்காமல் இவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.